அறவழி நின்ற குமரப்பா

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது அவர்தம் இயற்பெயர். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, மும்பையில் அத்தொழிலை நடத்தினார்.

பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றார். ஆங்கில ஆட்சியின் வரியும் செலவும் இந்தியரை வறியராக்குவதை அங்கு ஆராய்ந்து அறிந்தார். 1929இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார். மேனாட்டு உடையில் சென்றவர், விரைவில் கதராடை பூண்டார். வருவாய் மிக்க தொழிலையும் துறந்தார்.

1930இல் உப்பு அறப்போர் எழுந்தது. சட்டத்தை மீறுதல் கிறித்தவ நெறிக்கு ஒவ்வாது என்று திருச்சபைத் தலைவர் சிலர் கருதினர். குமரப்பா அதனை மறுத்தார். பகைவரையும் நேசிக்கச் சொன்ன இயேசுவின் வழி, தீமைக்குப் பணிந்து போவதன்று. பிறரைத் துன்புறுத்தாமல், தாமே துன்பம் ஏற்று அதனை எதிர்ப்பதே என்பது அவர் கொள்கை. இயேசுவின் மலைப்பொழிவு காந்தியடிகளின் உள்ளத்தையும் கவர்ந்த ஒன்றாகும்.

காந்தியடிகள் சிறைப்பட்டபோது குமரப்பா யங் இந்தியா இதழைப் பொறுப்பேற்று நடத்தினார். அதில் எழுதியமைக்காகத் தாமும் சிறை சென்றார். 1942 இயக்கத்தின்போது மீண்டும் சிறைப்பட்டார். அங்கும் சோர்ந்திராமல், இயேசுவின் போதனை பற்றியும் நிலைத்த பொருளியல் பற்றியும் இரு நூல்கள் எழுதினார்.

முதுமையில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் தங்கிக் கிராமப் பணி செய்தார். காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30ஆம் நாளில், 1960இல் குமரப்பாவும் மறைந்தார்.

அருஞ்சொற்பொருள்: துறந்தார் – கைவிட்டார், ஒவ்வாது – பொருந்தாது, அறப்போர் – ஆயுதமின்றி நிகழ்த்தும் போராட்டம்.