வீடு வீடாகக் கணக்குக் கேட்க வைத்த மகலனோபிஸ்



கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் நம் கேட்டுக்கு வந்து, உங்கள் வீட்டில் போன மாதம் எத்தனை கிலோ அரிசி வாங்கினீர்கள், எத்தனை லிட்டர் எண்ணெய், டாக்டருக்கு எவ்வளவு, பிள்ளைகள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? இன்டர்காமில் செக்யூரிட்டியிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஏமாற்றுக்காரர்கள் நிறைந்த காலம், உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு ஆளை நாடு முழுக்க அனுப்பும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அதைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை இன்டர்காம் அடிக்கும்போது ஒரு நிமிடம் யோசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில், பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர். 2007 முதல் ஜூன் 29-ஐத் தேசியப் புள்ளியியல் தினம் என்று அரசு கொண்டாடுகிறது. அவர் படித்தது புள்ளியியல் இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கி, 1913-இல் லண்டனில் படிக்கத்தான் கப்பல் ஏறினார். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் ரயிலைத் தவறவிட்டு, அங்கே நண்பர் வீட்டில் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி, அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் நம் கும்பகோணத்து ராமானுஜனோடு பழக்கம். மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கிளார்க்காக இருந்த அதே ராமானுஜன்தான். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த அவருக்கு, ஆங்கிலேயர் கட்டிலில் கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ். இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தபோது, இவர் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடம் போட்டுப் பார்த்து விடை கண்டார். ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, தெருவில் எத்தனை வீடு இருந்தாலும் பொருந்துகிற பொதுவிடையைச் சொல்லிவிட்டார். மொத்தம் 288 வீடுகள், அந்த வீடு 204. கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 20,706 வரும். பிற்காலத்தில் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து எதைப் பொறுக்கி எடுப்பது என்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது பொருத்தமான புதிர்தான்.

1915-இல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் சமயம். போரினால் கப்பல் தாமதம். கல்லூரி நூலகத்தில் நேரம் போக்கியவருக்கு ஓர் ஆசிரியர் பயோமெட்ரிகா என்ற இதழைக் காட்டினார். அளந்து எடுத்த எண்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது எப்படி என்பதுதான் அந்த இதழின் விஷயம். முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். கல்கத்தாவில் இயற்பியல் பாடம் நடத்த அழைத்தார்கள், ஒப்புக்கொண்டார். இங்கிலாந்துக்கு ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை.

நடுவில் உள்ள வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். 1923-இல் நிர்மலகுமாரியுடன் திருமணம். தாகூருக்கு மிக நெருக்கமானவர். விஸ்வபாரதியின் செயலாளராகப் பத்தாண்டு. ஒரிசா வெள்ளத்துக்கு ஆற்றுப்படுகை உயர்ந்ததுதான் காரணம், கரையை உயர்த்துங்கள் என்று பொறியாளர்கள் சொன்னபோது, அறுபது வருட மழை, வெள்ளக் கணக்கைப் பார்த்துப் படுகை உயரவே இல்லை என்று காட்டினார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரசிடென்சி கல்லூரியில் தன் அறையை ஒட்டிய இடத்தில் ஆரம்பித்த அந்த நிறுவனத்துக்கு இன்று நம் தரமணியிலும் ஒரு கிளை இருக்கிறது.

1937-இல் வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு வயலாக எண்ணினால் பணமும் ஆளும் போதாது, முடிப்பதற்குள் சணல் விற்றே போய்விடும். சில துண்டு நிலங்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அளந்தால் போதும் என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதுதானே என்பீர்கள். பானையில் எல்லாப் பருக்கையும் ஒரே அரிசி. அதையும் கிண்டிவிட்டுத்தான் எடுக்கிறோம். ஊர் அப்படி இல்லை. எந்த வயலைப் பார்ப்பது என்பதை ஆள் தன் வசதிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேங்க் ஆடிட்டில் எல்லா வவுச்சரையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எதைப் பார்ப்பார்கள் என்று நமக்கு முன்கூட்டித் தெரிந்தால் அது ஆடிட்டே இல்லை. அது மாதிரி.

அடுத்து இன்னொரு சிக்கல். வயலுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணை எழுதிவிடுகிற ஆளை எப்படிப் பிடிப்பது? இதற்கு மகலனோபிஸ் கண்ட வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்புவது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ தப்பு. டே புக்கும் லெட்ஜரும் டேலி ஆகாமல் ராத்திரி எட்டு மணி வரை கிளையில் உட்கார்ந்திருந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதே முறையை ஜகத்தல் சணல் ஆலைத் தொழிலாளர்களின் குடும்பச் செலவுக் கணக்கிலும் பிரயோகித்தார். 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு எத்தனை குடும்பம் நிலத்தை விற்றது, எத்தனை பேர் கதியற்றுப் போனார்கள் என்பதையும் மாதிரிக் கணக்கெடுப்பில்தான் பதிவு செய்தார்கள்.

சுதந்திரம் வந்தபோது நாட்டு மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 1949-இல் அரசு அமைத்த தேசிய வருமானக் குழுவுக்கு இவர் தலைவர். காட்கிலும், காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவும் உறுப்பினர்கள். குழு உட்கார்ந்து பார்த்தபோது கணக்கில் பாதி வெறும் ஓட்டை. அதை அடைக்க 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது. அந்த அக்டோபரில் முதல் சுற்று. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மெட்ரிக் எடை வரவில்லை. நம் பக்கம் படி, மரக்கால், வீசை, பலம். அடுத்த மாவட்டத்தில் அதே பெயரில் வேறு அளவு. நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகள், பத்துப் பதினைந்து மொழிகள். கூலியை நெல்லாக வாங்கி, உப்பையும் நெல்லுக்கே மாற்றும் வீட்டில் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டால் என்ன பதில் வரும்? விளைந்ததைச் சாப்பிட்டாலும் அதற்கு விலை போட்டுச் செலவில் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

ஞாபகமும் ஒரு பிரச்சினை. போன வாரம் என்று கேட்பதா, போன மாதம் என்று கேட்பதா? மேற்கு வங்காளத்தில் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தார்கள். வாரக் கணக்கு கூடுதலாக வந்தது. சில வீடுகளில் தராசோடு போய் எடை போட்டே பார்த்ததில், மாதக் கணக்குதான் உண்மைக்கு அருகில் நின்றது. அதனால் முப்பது நாள் என்று வைத்தார்கள். எஸ்.பி. சென்னும் மகலனோபிஸும் 1954-இல் இதை எழுதி வைத்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 1999-2000 சுற்றில் ஏழு நாள், முப்பது நாள் இரண்டையும் ஒரே தாளில் கேட்டதால், வறுமை குறைந்ததா இல்லையா என்றே பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

நம் ஊருக்கும் இவர் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1955 ஜனவரியில், சேக்காட்டுக்குப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அதே சமயம் கல்கத்தாவில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வரைவு போட்டுக்கொண்டிருந்தவர் மகலனோபிஸ், மார்ச்சில் கொடுத்துவிட்டார். ஆவடித் தீர்மானத்துக்குக் கணக்கு வடிவம் கொடுத்தது அந்த வரைவுதான் என்று சொல்லலாம். இயந்திரம் செய்யும் இயந்திரத்தில் முதலில் பணத்தைப் போடு, நுகர்பொருள் பிறகு தானாக வரும் என்பது அதன் சாரம். பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதினார். ஏழை வீட்டில் செலவில் பெரும் பங்கு தானியத்துக்கே போகிறது என்று வீடு வீடாகக் கேட்டு அறிந்த மனிதர், விவசாயத்தைப் பின்வரிசையில் வைத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். அறுபதுகளில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அவருடைய கணக்கெடுப்போ யாருக்கும் தயவு காட்டவில்லை. 1963-இல் ராம் மனோகர் லோகியா, கோடிக்கணக்கான இந்தியர் நாளுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்று மக்களவையில் சொல்ல, நேரு பதினைந்து அணா என்று மறுத்தார். எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் எடுத்துக் காட்ட, வீடுகளில் கேட்டு எழுதிய கணக்கு ஒன்று இருந்தது. திட்டத்தின் பலன் யாருக்குப் போயிற்று என்று பார்க்க அரசு போட்ட குழுவுக்கும் மகலனோபிஸே தலைவர். பலன் மேல்தட்டில் குவிந்திருக்கிறது என்ற திசையில்தான் 1964 அறிக்கை பேசியது. தான் போட்ட திட்டத்தைத் தானே தணிக்கை செய்த மாதிரி.

சுலபமான மனிதர் இல்லை. தன் நிறுவனத்தில் அவர் வைத்ததே சட்டம். பயிர் அறுவடைக் கணக்கில் பி.வி. சுகாத்மேயுடன் நடந்த சண்டை பிரசித்தம். கணக்கெடுப்பு 1970-இல் அவர் நிறுவனத்தின் கையிலிருந்து அரசுத் துறைக்குப் போனது. 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலமானார்.

அவர் வைத்த ஏற்பாடு அதற்குப் பிறகும் ஓடியது. ஆனால் 2017-18 சுற்றை எடுத்து முடித்த பிறகு, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவில்லை. செலவு குறைந்ததாக அதில் இருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. எழுதிய லெட்ஜரைப் பூட்டி வைத்த கதை. என் அபிப்பிராயம், தரத்தில் குறை இருந்தால் குறையோடு வெளியிட்டிருக்கலாம். 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை நமக்குக் கணக்கே கிடையாது. நடுவில் பணவீக்கம் என்று டிவியில் சொன்ன எண்ணெல்லாம் 2011-12 கூடையை வைத்துத்தான். அதில் உணவு, பானங்களின் எடை சுமார் 46 சதவீதம். 2022-23-இல் நகரவாசி உணவுக்குச் செலவிடுவது 39 சதவீதம் என்று வந்தது, கிராமத்தில் 46. தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் சராசரி 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி என்பதும் 2011-12 செலவுக் கணக்கை வைத்துத்தான் முடிவானது. நம் பென்ஷன்காரர்களின் பஞ்சப்படிக்கு வேறு குறியீட்டு எண். ஆனால் அதன் எடைகளும் லேபர் பீரோ தொழிலாளர் வீடுகளில் இதே மாதிரி கேட்டு வாங்கியவைதான்.

இப்போது நம் கேட் விஷயம். 2022-23-இல் சுமார் 2.6 லட்சம் வீடுகளில் கேட்டார்கள். நகரத்தில் ஒரு தெருவையோ அடுக்ககத்தையோ எடுத்ததும் வீடுகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள சொந்தக் கார் வைத்திருப்போர், அதற்குக் குறைந்த கார் வைத்திருப்போர், கார் இல்லாதோர். ஒவ்வொன்றிலும் குலுக்கல். வசதியுள்ள வீடுகள் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நம் பார்க்கிங்கில் மூன்று வகையும் இருக்கிறோம். கதவு திறக்காதது பெரும்பாலும் முதல் வகை என்பதால், மேல்தட்டுச் செலவு கணக்கில் குறைந்தே விழுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் பழைய புகார்.

வருபவர் ஒரே மூச்சில் எல்லாம் கேட்க மாட்டார். உணவு ஒரு மாதம், மற்ற அன்றாடப் பொருள்களும் சேவைகளும் ஒரு மாதம், ஃபிரிட்ஜ், டிவி போன்ற சாமான்கள் ஒரு மாதம் என்று மூன்று முறை வருவார். ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. கேட்டால் அவர் கணக்கெடுப்பு ஆளே இல்லை, உடனே திருப்பி அனுப்புங்கள். 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி தரும் தகவலை வெளியில் சொல்வது குற்றம். அடையாள அட்டையைச் சங்க அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்த பிறகே வீடுகளுக்கு அனுப்பலாம். மளிகைக் கடை ரசீதுகளை ஒரு மாதம் எடுத்து வைத்திருந்தால் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்.