ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர் உலகுக்குச் சொன்ன கதை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குப் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நாம் கேட்டுக்கொள்ளப்பட்டோம். அரசர்களையும் தளபதிகளையும் பாட நூல்களில் நம் பிள்ளைகள் வேண்டிய மட்டும் படிக்கிறார்கள். ஆதலால் ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த ஓர் ஏழையைத் தேர்ந்தெடுத்தோம். அவர் பெயர் ஜான் பனியன். எழுதப் படிக்கக் கற்றதற்கு மேல் பள்ளிப் படிப்பு அறியாதவர். இறைவனைப் பற்றிப் பேசிய குற்றத்துக்காகப் 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். ஆயினும் கிறிஸ்தவ உலகில் விவிலியத்துக்கு அடுத்தபடியாக ஏழை எளியோர் பல தலைமுறைகளாக விரும்பிப் படித்த கதையை எழுதியவர் அவரே. அத்தகைய கதை அத்தகைய கையிலிருந்து எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

இங்கிலாந்து நாட்டில் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பனியன் பிறந்தார். தந்தை தாமஸ் பனியன், பித்தளை செம்புப் பாத்திரங்களைப் பழுது பார்ப்பவர். அத்தொழில் செய்வோரை அக்காலத்து ஆங்கிலச் சமுதாயம் மதிப்புடன் நோக்கவில்லை. தம் தந்தையின் குடும்பம் நாட்டில் மிக இழிவாக எண்ணப்பட்ட குடும்பங்களுள் ஒன்று என்று பனியனே பின்னாளில் மறைக்காமல் எழுதினார். வறுமையிலும் பெற்றோர் அவரைப் பள்ளிக்கு அனுப்பினர். ஆயினும் கற்றதில் பெரும்பகுதி விரைவில் மறந்துபோயிற்று. தந்தையின் தொழிலே மகனுக்கும் வாய்த்தது.

சிறுவன் பனியனுக்குக் கதைகளின்மீது தணியாத ஆசை இருந்தது. தெரு வணிகர்கள் சில காசுக்கு விற்றுவந்த மலிவுப் பதிப்புக் கதைகளை அவர் தேடித் தேடிப் படித்தார். அரக்கர்களும் கோட்டைகளும் வீரர்களின் வாட்போரும் நிறைந்த கதைகள் அவை. மனம் மாறிய பிறகு அந்நாட்களை எண்ணி அவர் வருந்தியதுண்டு. ஆனால் அக்கதைகள் அவருள் அழிந்துவிடவில்லை. காலம் வந்தபோது அதே அரக்கனும் அதே கோட்டையும் வேறு பொருள் தாங்கி அவர் பேனாவிலிருந்து வெளிவந்தன.

1644ஆம் ஆண்டு அவர் வாழ்வில் துயர ஆண்டு. ஜூன் மாதத்தில் தாய் மறைந்தார்; அடுத்த மாதமே தங்கையும் மறைந்தாள். தந்தை விரைவில் மறுமணம் செய்துகொண்டார். நாட்டிலோ மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. பதினாறு வயதில் பனியன் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். ஒருமுறை முற்றுகை ஒன்றுக்கு அவர் செல்ல வேண்டியிருக்க, வேறொரு வீரன் அவருக்குப் பதிலாகச் சென்றான். காவலுக்கு நின்ற இடத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தான். தாம் ஏன் பிழைத்தோம் என்னும் கேள்வி அன்றிலிருந்து அவர் நெஞ்சில் தங்கிவிட்டது.

வாசற்படியில் கேட்ட பேச்சு

படையிலிருந்து திரும்பிய பின் அவர் ஓர் ஏழைப் பெண்ணை மணந்தார். ஒரு தட்டோ கரண்டியோகூட இல்லாமல் இல்லறம் தொடங்கிற்று. மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. மறந்துபோன எழுத்தை அவற்றின் துணையால் அவர் மீண்டும் பற்றிக்கொண்டார். 1650ஆம் ஆண்டு பிறந்த மூத்த மகள் மேரி கண்பார்வையின்றிப் பிறந்தாள்.

ஒரு நாள் தொழிலின் பொருட்டுப் பெட்ஃபோர்டுத் தெருவொன்றில் நடந்துகொண்டிருந்தபோது, வாசற்படியில் வெயில் காய்ந்தபடி ஏழைப் பெண்கள் மூன்று நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். சமயத்தைப் பற்றிப் பேசுவதில் தமக்கும் திறமை உண்டு என்று எண்ணியிருந்த பனியன் அருகில் சென்று செவி கொடுத்தார். அவர்கள் வாதம் செய்யவில்லை, மேற்கோள் அடுக்கவில்லை. இறைவன் தம் உள்ளத்தில் என்ன செய்தார், எத்துன்பத்தில் எவ்வாறு தாங்கினார் என்று தத்தம் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருந்தனர். அப்பேச்சில் இருந்த மகிழ்ச்சி தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். பெரிய ஆலயத்தின் பிரசங்கம் செய்யாததை வாசற்படிப் பேச்சு செய்துவிட்டது.

அப்பெண்கள் ஜான் கிஃபோர்டு என்னும் போதகரின் சிறு சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையில் சேர விரும்புவோர் தம் ஆத்தும அனுபவத்தைச் சபையார் முன் தம் சொந்த வாயால் எடுத்துரைப்பது வழக்கம். கல்வி வேண்டாம், பதவி வேண்டாம். சொல்வதற்கு உண்மையான வாழ்க்கை ஒன்று இருந்தால் போதும். கதை சொல்லுதல் கிறிஸ்தவ வாழ்வில் எத்துணை ஆழமான இடம் பெற்றது என்பதற்கு இவ்வழக்கமே சான்று. பல ஆண்டு மனப்போராட்டத்திற்குப் பின் பனியனும் அச்சபையில் உறுப்பினரானார். விரைவில் பேசவும் தொடங்கினார். பாத்திரம் அடைப்பவர் பேசுகிறார் என்று கேட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நெஞ்சுருகித் திரும்பினர்.

தொழிலைச் சுட்டிய நீதிமன்றம்

1660ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை ஏறினார். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்களுக்குத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள், பெட்ஃபோர்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் கூட்டம் நடத்தச் சென்ற பனியன் கைது செய்யப்பட்டார். முன்னதாகவே செய்தி அவருக்கு எட்டியிருந்தது. தப்பிச் செல்லவும் நேரம் இருந்தது. தாம் ஓடினால் எளிய மக்கள் அஞ்சிச் சிதறுவர் என்று எண்ணி அவர் நின்றார்.

விசாரணையின்போது நடந்த ஒன்றை நம் இளைஞர்கள் கருத்துடன் படிக்க வேண்டும். இறைவனிடம் வரம் பெற்ற ஒவ்வொருவனும் அதைப் பிறருக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் வேதவாக்கைப் பனியன் தமக்கு ஆதாரமாகக் காட்டினார். நீதிபதி கீலிங் அதற்கு வேறு பொருள் கூறினார். வரம் என்பது அவனவன் தொழிலே என்றும், பாத்திரம் அடைக்கும் வரம் பெற்றவன் பாத்திரம் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். உன் தொழிலைப் பார் என்னும் அச்சொல் எந்த நாட்டில், எந்த மொழியில் ஒலித்தாலும் அதன் உட்பொருளை நம் மக்கள் உடனே அறிவர். பனியன் பணியவில்லை. இனிப் பேசமாட்டேன் என்று ஒரு சொல் கொடுத்தால் விடுதலை. அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை.

முதல் மனைவி 1658இல் இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கருவுற்றிருந்தார். கைதுச் செய்தி கேட்ட அதிர்ச்சியில் குறைப்பேறு உண்டாகிக் குழந்தை இறந்தது. எனினும் அவ்வம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1661ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெரிய மனிதர்கள் கூடியிருந்த அறைக்குள் நுழைந்து நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வாதாடினார். தாமே தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நான்கு சிறு பிள்ளைகள் இருப்பதையும், அவர்களுள் ஒருத்தி கண்ணற்றவள் என்பதையும், நல்லோர் தரும் உதவியால் நாட்கள் கழிவதையும் எடுத்துரைத்தார். தம் கணவர் பாத்திரம் அடைக்கும் ஏழை என்பதனாலேயே இகழப்படுகிறார், அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்று அஞ்சாமல் கூறினார். மேத்யூ ஹேல் என்னும் நீதிபதி மட்டும் இரக்கத்துடன் கேட்டார். ஆயினும் விடுதலை கிடைக்கவில்லை.

சிறையில் பிறந்த கதை

12 ஆண்டுகள் சிறைவாசம் நீடித்தது. நாடாக்களுக்கு உலோக முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார். பிள்ளைகளைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போன்ற வேதனை தந்தது என்றும், கண்ணற்ற மேரியை நினைத்தபோதே நெஞ்சு உடைந்தது என்றும் அவர் எழுதினார். அம்மகள் தந்தை சிறையில் இருந்தபோதே இறந்தாள்.

சிறையில் அவரிடம் இருந்த நூல்கள் மிகச் சில. விவிலியமும், இரத்தசாட்சிகளின் வரலாறு கூறும் ஜான் ஃபாக்ஸின் நூலும் அவருக்குத் துணையாயின. 1666ஆம் ஆண்டு தம் ஆத்தும வரலாற்றை நூலாக வெளியிட்டார். வாசற்படிப் பெண்கள் வாயால் சொன்னதை அவர் எழுத்தால் சொன்னார். பின்னர் வேறொரு சமய நூலை எழுதிக்கொண்டிருக்கையில், பக்தனின் வாழ்வை ஒரு பயணமாக எண்ணிய எண்ணம் கதையாகக் கிளை விட்டது. அதுவே மோட்சப் பயணம் என்று நாம் அறியும் நூல். 1672இல் விடுதலை பெற்று, 1676-77இல் மீண்டும் சில மாதங்கள் சிறை கண்ட பின், 1678ஆம் ஆண்டு லண்டனில் அது அச்சேறியது.

அச்சிடுவதற்கு முன் நண்பர்களிடம் கருத்துக் கேட்டார். அவர்கள் இரண்டு பிரிவாயினர். புனிதமான பொருளைக் கற்பனைக் கதையாகச் சொல்வது தகாது என்றனர் ஒரு சாரார்; அச்சிடலாம் என்றனர் மறு சாரார். பனியன் தயங்கித் துணிந்தார். வேத நூலே உவமைகளாலும் உருவகங்களாலும் நிறைந்திருப்பதை நூலின் முன்னுரைப் பாடலில் சுட்டி விடை கூறினார். விதைப்பவனையும் காணாமற்போன ஆட்டையும் கதையாகச் சொன்னவரைப் பின்பற்றுவோர் கதைக்கு நாண வேண்டியதில்லை என்பதே அவ்விடையின் சாரம் என்று நாம் கொள்கிறோம்.

கதை எளியது. கந்தல் உடையும் முதுகில் சுமையும் கொண்ட ஒருவன் நாச நகரத்தை விட்டு விண்ணக நகரம் நோக்கிப் புறப்படுகிறான். வழியில் நம்பிக்கை இழந்தோர் அழுந்தும் சேறு இருக்கிறது. சிலுவையடியில் சுமை தானே கழன்று உருள்கிறது. மாயச் சந்தையில் அவனும் அவன் தோழனும் கைதாகின்றனர். அங்கு நடக்கும் விசாரணையில் நீதிபதியின் பெயரே நன்மையை வெறுப்பவர். தோழன் கொல்லப்படுகிறான். பெட்ஃபோர்டு நீதிமன்றத்தில் நின்றவர் எழுதிய பகுதி என்பது படிப்போர்க்குச் சொல்லாமலே விளங்கும். அக்கதையில் பட்டமும் செல்வமும் உடையோர் பலர் போலிகளாகவும் தடை செய்வோராகவும் வருகின்றனர். கந்தல் உடுத்தவனே நாயகன்.

அவநம்பிக்கை என்னும் அரக்கன் பயணிகளைப் பிடித்துத் தன் கோட்டையின் இருட்டறையில் அடைக்கும் பகுதி நம் நெஞ்சை விட்டு அகலாதது. சில நாள் அடியும் பட்டினியும் அனுபவித்த பின்புதான், எந்தப் பூட்டையும் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது. இளமையில் படித்த மலிவுக் கதையின் அரக்கன் இங்கே மனிதனின் உள்ளத்து எதிரியாகிவிட்டான்.

முதற்பாகத்தில் ஒரு குறை உண்டு. நாயகன் மனைவி மக்களை விட்டுச் செல்கிறான். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் அக்குறையை நிறைவு செய்கிறது. அதில் மனைவியும் நான்கு மைந்தரும் புறப்படுகின்றனர். ஊன்றுகோல் பிடித்தவரும் மனவலிமை அற்றவரும் வழியில் சேர்கின்றனர். வலிமையுள்ளவர் நடை தளர்ந்தவருக்காக நின்று நடக்கிறார், எவரும் கைவிடப்படுவதில்லை. எலிசபெத் அம்மையாரின் கணவர் எழுதிய பாகம் அல்லவா!

மக்கள் முதலில், கற்றோர் பின்னர்

பனியன் உயிருடன் இருந்த காலத்திலேயே முதற்பாகம் 11 பதிப்புகள் கண்டது. அவரோ 1688ஆம் ஆண்டு மனவேற்றுமை கொண்ட ஒரு தந்தையையும் மகனையும் சமாதானப்படுத்த ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்று, அங்கிருந்து லண்டனுக்குப் பெருமழையில் நனைந்து வந்து, காய்ச்சலுற்று ஆகஸ்டு 31ஆம் நாள் காலமானார். லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நெடுங்காலம் அவர் நூல் குடிசைகளிலும் சமையலறைகளிலும் படிக்கப்பட்டது; கற்றோர் பலர் அதனை இலக்கியமாக மதிக்கவில்லை. பின்னர் அவர்களே மக்களின் தீர்ப்புக்கு வந்து சேர்ந்தனர். 1835இல் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த மெக்காலேயும் அதனை வியந்து எழுதியவர்களுள் ஒருவர். இன்று 200க்கும் மேற்பட்ட மொழிகளில் அது வழங்குகிறது. தமிழில் உரைநடையில் பெயர்க்கப்பெற்றதோடு, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் கையில் 1894ஆம் ஆண்டு இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகவும் உருப்பெற்றது. அவரைச் சிறையிட்ட பெட்ஃபோர்டு நகரமே 1874இல் அவருக்குச் சிலை நிறுவியது. தொழிலைப் பார் என்ற நீதிபதியின் சொல்லை இன்று நாம் அறிவதற்குக்கூட பனியன் எழுதிவைத்த குறிப்பே காரணம்.

இளைஞர்களே, பனியனின் சமயக் கொள்கைகளை நம்மில் எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. ஒரு செய்தியை மட்டும் நினைவில் இருத்துங்கள். பேச உரிமை இல்லை என்று சொல்லப்பட்டவர்களிடம் எஞ்சியிருப்பது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. அதனை உண்மையாகச் சொன்னால் சிறைச்சுவரும் தடுக்க இயலாது. நம் சங்கத்தின் முதற்கூட்டம் எந்தத் திண்ணையில் நடந்தது, முதல் நன்கொடை எந்தத் தாயின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்ந்தது, பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட நம் முன்னோர் எப்படி உள்ளே நுழைந்தனர் என்பவற்றை அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றனர். இம்மலரை மூடி வைத்தபின், உங்கள் இல்லத்து முதியவர் அருகில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள். கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். பொன்விழா மலரின் முதற்பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.