மழலையின் குடலில் ஓர் உலகைக் கண்டவர்

பாலகாட் சுரங்கம் அமைந்த கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் பாறையைக் குடைந்து பொன்னெடுத்த 1880களில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் இளம் மருத்துவர் ஒருவர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரே தியோடர் எஷெரிக்.

எஷெரிக் 1857ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், பவேரியாவின் ஆன்ஸ்பாக் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். ஐந்து வயதிலேயே எஷெரிக் தம் தாயை இழந்தார். 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் வயிற்றுப்போக்கினால் மாண்ட கைக்குழந்தைகள் மிகப் பலர். தாய்ப்பாலின்றி வளர்ந்த குழந்தைகளே பெரிதும் இறந்தனர். நோயுற்ற குடலை அறிய வேண்டுமாயின், முதலில் நலமுள்ள குழந்தையின் குடலை அறிதல் வேண்டும் என எஷெரிக் தெளிந்தார்.

பிறந்தவுடன் வெளிப்படும் முதல் மலத்தில் அவர் நுண்ணுயிரிகளைக் காணவில்லை. ஒரு நாளுக்குள் அவை தோன்றிப் பெருகின. குழந்தை பாலருந்தத் தொடங்கியதும் அவற்றின் வகையும் மாறியது. இவற்றுள் கோல் வடிவ நுண்ணுயிரி ஒன்றை 1885இல் அறிஞர் அவையில் விளக்கினார். மறு ஆண்டு தம் ஆய்வை நூலாக வெளியிட்டார்.

இந்நுண்ணுயிரிகள் சூழலிலிருந்து வருவன என அவர் கருதினார். அவற்றுள் பலவற்றைத் தாயே தருகிறாள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் புலப்படுத்தின. பிறக்கும்பொழுதும், பின்னர்த் தாயின் தோல், பால் ஆகியவற்றின் வழியாகவும் அவை குழந்தையை அடைகின்றன. தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றன. அந்நுண்ணுயிரிகள் பெருகித் தீய கிருமிகளுக்கு இடமின்றிச் செய்கின்றன.

எஷெரிக் 1890இல் கிராட்ஸ் நகரிலும், 1902 முதல் வியன்னாவிலும் பேராசிரியராக விளங்கினார். தம் மகனைப் பத்து வயதில் பறிகொடுத்த துயரமும் அவருக்கு நேர்ந்தது. ஆயினும் பிறர் குழந்தைகளைக் காக்கும் பணியில் அவர் தளரவில்லை. 1903இல் கைக்குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவித் தாய்ப்பாலின் மேன்மையைப் பரப்பினார். 1911ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் மறைந்தார்.

இலங்கையின் கொழும்பில் பணியாற்றிய மருத்துவர்களான கஸ்டெல்லானியும் சால்மர்ஸும் 1919இல், அவர் கண்ட நுண்ணுயிரிக்கு 'எஷெரிக்கியா' எனப் பெயரிட்டனர். அவ்வினத்துள் சில வகைகளே நோய் விளைப்பன. பல வகைகள் நம் குடலில் தீங்கின்றி வாழ்கின்றன. பலரும் அருவருத்து ஒதுக்கியதில் உயிர்காக்கும் உண்மையைத் தேடியவர் எஷெரிக். குழந்தைக்குத் தாய் தருவது பால் மட்டுமன்று. அப்பாலால் வளரும் கண்ணுக்குத் தெரியாத காவற்படையையும் அவளே தருகிறாள்.

அருஞ்சொற்பொருள்
மழலை – இளங்குழந்தை
திங்கள் – மாதம்
மாண்ட – இறந்த
மேன்மை – உயர்வு

பயிற்சி
1. நலமுள்ள குழந்தையின் குடலை எஷெரிக் முதலில் ஆராய்ந்தது ஏன்?
2. குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகள் தாய்ப்பாலில் இருப்பதன் பயன் யாது?
3. பிரித்து எழுதுக: பச்சிளங்குழந்தை, தாய்ப்பால்.