தனிப்படகில் உலகை வலம்வந்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு ஆனி, ஆடித் திங்கள்களில் வீசும் காற்றைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கு மலைமுகடுகளைக் கடந்து வரும் அக்காற்று, மேகமலையின்மீது முகிற்கூட்டங்களைக் கொணர்ந்து குவிக்கின்றது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களை நனைக்கின்றது. அக்காற்றின் பிறப்பிடம் யாது? நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, இந்துமாக் கடலில், தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று இடையறாது வீசுகின்றது. அதனை வியாபாரக் காற்று என்பர். கோடையில் அது நிலநடுக்கோட்டைக் கடந்து, புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகி நம் மலைகளை வந்தடைகின்றது.

1897-ஆம் ஆண்டு ஆனித் திங்களில், அக்காற்று பிறக்கும் கடலிலே சிறு பாய்ப்படகு ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர் ஒருவரே. தன்னந்தனியாகப் படகு செலுத்தி உலகை முதன்முதல் வலம்வந்த ஜோஷுவா ஸ்லோக்கம் என்பாரே அவர்.

இளமை

ஸ்லோக்கம் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், இன்று கனடாவின் பகுதியாக விளங்கும் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தையார் தோற்காலணி செய்து பிழைத்தவர். மகனையும் அத்தொழிலிலே அமர்த்தினார். ஆனால் மைந்தனின் உள்ளமோ கடலையே நாடியது. ஒருநாள் அவன் வேலையை விடுத்து, சிறு கப்பலுருவம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட தந்தையார் சினங்கொண்டு அதனை உடைத்தெறிந்தார். கப்பலுருவம் உடைந்தது, கடல்மீது கொண்ட காதல் உடையவில்லை. 1860-இல் அன்னையார் இறந்தபின், பதினாறு வயதுச் சிறுவன் வீட்டைத் துறந்து மாலுமியானான்.

கடைநிலை ஊழியராகத் தொடங்கிய அவர், இருபத்தைந்து வயதளவில் கப்பல் தலைவராக உயர்ந்தார்; அமெரிக்கக் குடிமகனும் ஆனார். 1871-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரும் கணவருடன் கப்பலிலேயே வாழ்ந்தார். குழந்தைகளும் கப்பலிலேயே வளர்ந்தனர்.

இடுக்கண்

இன்ப வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. 1884-இல் வர்ஜீனியா அம்மையார் காலமானார். பின்னர் அவர் ஹென்ரியெட்டா என்பாரை மறுமணம் செய்துகொண்டார். 1887-இல் அவருடைய கப்பல் பிரேசில் நாட்டுக் கரையிலே தரைதட்டிச் சிதைந்தது. கையில் பொருளில்லை, ஊர் திரும்பவும் வழியில்லை. அந்நிலையிலும் அவர் சோர்ந்திலர். கிடைத்த மரத்தைக்கொண்டு முப்பத்தைந்து அடி நீளமுள்ள படகொன்றைத் தாமே கட்டினார். பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாளன்று அது நீரில் இறங்கியது. ஆதலின் விடுதலை எனப் பொருள்படும் ‘லிபர்டாடி’ என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். மனைவியையும் மைந்தர் இருவரையும் அதிலேற்றி, ஏறத்தாழ 5,500 மைல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்.

அங்கும் நற்காலம் காத்திருக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல்களின் காலம் மறைந்துகொண்டிருந்தது. முப்பதாண்டு கற்ற தொழில் பயனற்றுப் போயிற்று. நாற்பத்தெட்டாம் வயதில், தேர்ந்த கப்பல் தலைவர் வேலையின்றித் துறைமுகத்தில் நின்றார்.

பழம்படகு புதுப்படகாதல்

1892-இல் ஈபன் பியர்ஸ் என்னும் நண்பர், சிறிது பழுது பார்க்கவேண்டிய கப்பல் ஒன்றைத் தருவதாகக் கூறினார். ஸ்லோக்கம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தார். கடலுக்கு அப்பால் புல்வெளியொன்றில், கித்தான் போர்த்தப்பட்டு, ஒரு பழம்படகு மக்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ‘ஸ்ப்ரே’. அஃது ஏறக்குறைய ஒரு கேலியே. பிறராயின் வெகுண்டு திரும்பியிருப்பர். ஸ்லோக்கமோ கோடரியை எடுத்தார்.

அருகிலிருந்த கருவாலி மரத்தை வெட்டி, படகின் அடிமரமாகிய ஏராவை அமைத்தார். மரச்சட்டங்களை நீராவியில் வேகவைத்து வளைத்து, விலா எலும்பு போன்ற வங்குகளைப் பொருத்தினார். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடித்தார். பணம் தீர்ந்தபோது துறைமுகத்தில் கூலிவேலை செய்து ஈட்டினார். பதின்மூன்று திங்களில் வேலை முடிந்தது. செலவு 553 டாலரும் சில காசுகளுமே. முப்பத்தாறு அடி ஒன்பது அங்குல நீளமும், பதினான்கு அடி இரண்டு அங்குல அகலமும் உடையதாகப் ‘ஸ்ப்ரே’ புத்துயிர் பெற்றது.

கருவிகளிலும் அவர் சிக்கனத்தையே கையாண்டார். துணைப்படகு வைக்க இடமில்லை. எனவே சிறுபடகொன்றை இரண்டாக அறுத்து, ஒரு பாதியின் வாயைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அதுவே துணைப்படகாகவும், துணி துவைக்கும் தொட்டியாகவும் பயன்பட்டது. இரவில் ஒளி தந்த விளக்கே பகலில் அடுப்புமாயிற்று.

நடுக்கடலில் கிழக்கு மேற்கு நிலையை அறியக் கடிகாரம் இன்றியமையாதது. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. ஆதலின் கிரீனிச் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் இருப்பின், கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கணிக்கலாம். ஸ்லோக்கத்திடம் அத்தகைய கடிகாரம் இருந்தது. ஆனால் அதைச் செப்பனிடப் பதினைந்து டாலர் வேண்டும். அதனைக் கரையிலேயே விட்டுவிட்டு, முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். அதனால் அவர் திகைத்தாரா? இல்லை. பசிபிக் கடலில் நாற்பத்துமூன்றாம் நாள், சந்திரனின் நிலையை அளந்து தீர்க்கரேகையைக் கணித்தார். தம் ஓட்டத்தைக்கொண்டு முன்பே மதிப்பிட்டிருந்த இடத்திற்கும் அதற்கும் ஐந்து மைலே வேறுபாடு இருந்தது. கருவியின் குறையை அறிவு நிறைத்தது.

உலகவலம்

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் அவர் பாஸ்டன் துறைமுகத்தினின்று புறப்பட்டார். அட்லாண்டிக் கடலில் ஒருநாள், பாலாடைக் கட்டியையும் பழங்களையும் மிகுதியாக உண்டு, கடும் வயிற்றுவலியால் மயங்கி வீழ்ந்தார். மயக்கத்தில், கொலம்பஸின் கப்பலைச் செலுத்திய மாலுமியொருவன் தம் படகின் சுக்கானைப் பற்றி நிற்பதாகக் கண்டார். விழித்து நோக்கியபோது, படகு தன் வழி பிறழாமல் சென்றிருந்தது. சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நேர்வழி செல்லுமாறு அமைந்திருந்தமையே அப்படகின் பெருஞ்சிறப்பு.

தென்னமெரிக்காவின் தென்முனையிலுள்ள மகெல்லன் நீரிணையில் புயலும் பகையும் அவரை வாட்டின. இரவில் கொள்ளையர் படகிலேறக்கூடும் என அஞ்சி, மேல்தளத்தில் சிற்றாணிகளைப் பரப்பிவைத்து உறங்கினார். வெறுங்காலுடன் ஏறியவர்கள் அலறிக் கடலிற் குதித்தனர்.

அதன்பின் வெப்பமண்டலக் கடல் அவரை இனிதே வரவேற்றது. ஜுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து சமோவா வரையில், எழுபத்திரண்டு நாள் எத்துறையிலும் நில்லாது சென்றார். பறக்கும் மீன்கள் தாமே வந்து தளத்தில் வீழ்ந்து உணவாயின. நூல்கள் தோழராயின. பின்பு ஆஸ்திரேலியாவைச் சார்ந்து, நாம் முன்னர்க் கூறிய தென்கிழக்குக் காற்றின் துணையால் இந்துமாக் கடலில் இறங்கினார். கோக்கோஸ் தீவு வரையிலான 2,700 மைலை இருபத்துமூன்று நாளில் கடந்தார். அந்நாள்களிலெல்லாம் அவர் சுக்கான் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணியளவே.

செயின்ட் ஹெலினாத் தீவில் ஒருவர் அவருக்கு ஆடு ஒன்றை அளித்தார். அது மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படத்தையே தின்றுவிட்டது! படமின்றியே அக்கடலையும் கடந்து, 1898-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட்டை அடைந்தார். அவர் கடந்த தொலைவு 46,000 மைல். பின்னர் ஃபேர்ஹேவனுக்குச் சென்று, ‘ஸ்ப்ரே’ முதலில் நீரில் இறங்கியபோது கட்டப்பட்ட அதே தறியில் அதனைக் கட்டினார்.

முடிவு

1900-இல் அவர் தம் பயண வரலாற்றை நூலாக வெளியிட்டார். சிலகாலம் நிலம் வாங்கி உழவு செய்தும் பார்த்தார், கடலாசை அடங்கவில்லை. அறுபது வயதைக் கடந்தபின், ஓரினோக்கோ ஆற்றை நோக்கி மீண்டும் தனியே புறப்பட்டார். படகும் திரும்பவில்லை; அவரும் திரும்பவில்லை. 1924-இல் சட்டம் அவரை இறந்தவராக அறிவித்தது.

கடற்பயணம் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலைத் தமிழ் மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938-இல், ‘ஸ்ப்ரே’ புத்துயிர் பெற்ற அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேர்த்தனர். இந்தியக் கடற்படையைச் சார்ந்த திலீப் தோண்டே 2010-இல் தனியே உலகை வலம்வந்தார். அபிலாஷ் டோமி 2013-இல் எங்கும் நில்லாமலே வலம்வந்தார்.

ஸ்லோக்கத்தின் வாழ்வைக் கண்மூடித் துணிந்த ஒருவரின் கதையாகக் கருதலாகாது. தனியே புறப்படுமுன் அவர் முப்பதாண்டுக்கு மேல் கடலைக் கற்றவர். பிறர் கைவிட்ட படகும், உடைந்த கடிகாரமுமே அவருடைய செல்வம். ஆனால் கற்ற கல்வியும் சோர்வறியா உழைப்பும் அவற்றுக்குத் துணை நின்றன. நல்ல கருவி வாய்க்கட்டும் எனக் காத்திருப்போர் கரையிலேயே நிற்பர். வாய்த்த கருவியைச் செப்பனிட்டுக்கொள்வோரே கடலைக் கடப்பர். மேகமலையில் முகில் கொணரும் காற்று நம்மீது வீசும்போதெல்லாம், அக்காற்றையே நம்பி உலகைச் சுற்றிய அம்முதியவரை நாம் நினைவுகூர்வோமாக.