ஆஸ் நாட்டைக் கண்முன் நிறுத்த முயன்றவர்

ஏட்டிற் படித்து நகைத்த கதையொன்றை அரங்கிலோ திரையிலோ கண்ணாரக் காணவேண்டுமென்னும் ஆசை நம்மிற் பலர்க்கு உண்டு. கண்டபின் முகஞ் சுளிப்பதும் உண்டு. இக்காலத்தே வேடிக்கைக் கற்பனைக் கதைகள் பல தொலைக்காட்சியிற் புகுந்து உருமாறி வருகின்றன. நூலை நேசித்தோர் ஒருபுறமும் காட்சியைச் சமைத்தோர் மற்றொருபுறமும் நின்று வழக்கிடுகின்றனர். இவ்வழக்கின் இரு பக்கத்தையும் தாம் ஒருவரே தாங்கி, அதனாற் கைப்பொருள் இழந்த ஆசிரியர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர், ‘ஆஸ் நாட்டு அற்புத மாயாவி’ என்னும் கதையை இயற்றிய லைமன் பிராங்க் பாம் என்பவர்.

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்துச் சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில், 1856-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி இவர் பிறந்தார். தந்தையார் எண்ணெய்க் கிணறுகளாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். மைந்தரோ நோயால் மெலிந்தவர். இராணுவப் பள்ளியொன்றில் இரண்டாண்டு வருந்தி வீடு மீண்டு, சிறிய அச்சுயந்திரம் ஒன்றைக்கொண்டு வீட்டுப் பத்திரிகை நடத்தினார். பின்னர் உயர்ந்த இனக் கோழிகளை வளர்த்தார். இவர் பெயரால் முதன்முதல் வெளிவந்த நூல், 1886-இல் அச்சான கோழி நூலேயாம்! ஆயினும் மனம் நாடகத்திலேயே கிடந்தது. 1882-இல் தாமே நாடகம் எழுதி, பாட்டும் இசையும் அமைத்து, தலைமை வேடமும் புனைந்து ஊரூராகச் சென்றார். அவ்வாண்டிலேயே மாட் கேஜ் என்னும் நங்கையை மணந்தார்.

1888-இல் தகோட்டாப் பிரதேசத்து அபர்டீனிற் குடியேறிக் கடை வைத்தார். மழை பொய்த்தது, கடனுக்கு வாங்கியோர் பணம் தந்திலர், 1890-இற் கடை மூடப்பட்டது. அடுத்து நடத்திய பத்திரிகையும் 1891-இல் கைவிட்டுப் போயிற்று. அப்பத்திரிகையில், அந்நாட்டுப் பழங்குடிகளை அடியோடு அழித்துவிடல் வேண்டுமென இவர் இரு தலையங்கங்கள் எழுதியதை நாம் மறைத்தல் தகாது. குழந்தைகளை மகிழ்வித்த அதே கைதான் அவற்றையும் எழுதிற்று.

பின்பு சிகாகோ நகரஞ் சேர்ந்து, பீங்கான் பாத்திரம் விற்கும் பிரயாண முகவராய் அலைந்தார். 1897-இற் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரிப்பார்க்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். வழிப்போக்கன் கண்ணை ஒரு நொடியிற் பிடித்து நிறுத்துவது எங்ஙனம் என்பதே அதன் பொருள். இரவில் தம் புதல்வர் நால்வர்க்கும் அண்டை வீட்டுச் சிறுவர்க்கும் கதை சொல்லுவார். அவ்வாறு பிறந்த மாயாவிக் கதை, டென்ஸ்லோ என்னும் ஓவியரின் வண்ணப் படங்களோடு 1900-இல் வெளிவந்தது.

இக்கதையின் நகைச்சுவை எத்தகையது என்பதை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தனக்கு மூளையில்லையென்று வருந்தும் வைக்கோற் பொம்மையே இடர் வந்துழியெல்லாம் உபாயம் கூறுகின்றது. தனக்கு இருதயமில்லை என்னும் தகர மனிதன், காலடியில் ஒரு வண்டு நசுங்கியதற்கு அழுது, அக்கண்ணீரால் தாடை துருப்பிடித்து வாய் பேசமாட்டாமல் நிற்கின்றான். கோழையென்று நாணும் சிங்கமே முன்னின்று பாய்கின்றது. மாயாவியோ பழைய கூடாரக் காட்சிக்காரன். தவிட்டோடு ஊசிகளைக் கலந்து பொம்மையின் தலையில் அடைத்து, மூளை தந்ததாக அனுப்பிவிடுகின்றான். பாத்திரங்களுள் ஒருவரும் இது வேடிக்கையென அறியார். படிக்கும் சிறுவன் மட்டுமே அறிந்து, தனக்குள் நகைக்கின்றான். இந்த இரகசிய நகைப்பை அரங்கேற்றுவது எளிதோ?

1902-இற் சிகாகோவில் இக்கதை இசை நாடகமாயிற்று. பாம் நூலையொட்டி எழுதிக்கொடுத்த நாடகத்தை இயக்குநர் ஜூலியன் மிச்செல் ஏலாதென ஒதுக்கினார். டாரதியின் நாய்க்குட்டி போய் ஒரு பசுமாடு வந்தது. மேற்றிசைச் சூனியக்காரி மறைந்தே போனாள். அன்றன்றைய அரசியற் கேலிகள் புகுந்தன. ஆசிரியர்க்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் நடித்த ஸ்டோனும் மான்ட்கொமரியும் மக்கள் உள்ளத்தைக் கொள்ளைகொண்டனர். மறுவருடம் நியூயார்க்கிலும், பின்னர்ப் பல ஆண்டுகள் நாடெங்கும் அந்நாடகம் நடைபெற்றது. பிறர் கலைத்த கதை பொருளைக் குவித்தது. இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

1908-இல் பாம் தம் கதைகளைத் தம் விருப்பப்படியே காட்டத் துணிந்தார். வெள்ளுடை தரித்து மேடையில் நின்று கதை சொல்வார். பின்னே கையால் வண்ணந்தீட்டிய சலனப்படங்களும் கண்ணாடிப் படங்களும் ஓடும். கீழே வாத்தியக் குழு முழங்கும். இக்காட்சிக்கு அவர் இட்ட பெயரில் ‘ரேடியோ’ என்னும் சொல்லும் இருந்தது. வானொலி நிலையங்கள் பெருகுமுன்னரே! வந்தவர் வியந்தனர். ஆனால் வரவினும் செலவு மிகுந்தமையால், சில மாதங்களுக்குள், டிசம்பரில் அது நின்றது. கடன் தீரவில்லை. முன்னூல்கள் சிலவற்றின் வருவாய் கடன்காரர் பங்காக, 1911-இல் அவர் நீதிமன்றத்தில் திவால் மனுச் செய்துகொண்டார். கலைத்தவர் வாழவும் காத்தவர் கெடவும் கண்டால் நூலன்பர் பக்கம் நிற்கும் நமக்கு மனம் கசக்கத்தான் செய்கிறது. எனினும் இயக்குநர்க்கு ஒரு சொல் சொல்லுதல் நேர்மை: அவர் தம் நாடகசாலைக்கு வருவார் யாவர் என்பதை அறிந்திருந்தார், பாம் தம் வாசகரை மட்டுமே அறிந்திருந்தார்.

1910-இல் ஆஸ் நாடு வெளியுலகினின்றும் மறைந்துவிட்டதாக எழுதி, அத்தொடரை முடித்துவிட முயன்றார். சிறுவர் விடவில்லை, வறுமையும் விடவில்லை. கம்பியில்லாத் தந்தி மூலம் அந்நாட்டுச் செய்தி மீண்டும் கிடைத்ததாக ஒரு சாக்குச் சொல்லி, 1913-இல் அடுத்த கதையை வெளியிட்டார். அதற்குள் ஹாலிவுட்டில் வீடு கட்டி அதற்கு ‘ஆஸ்காட்’ எனப் பெயரிட்டு, பூந்தோட்டம் வளர்த்து வந்தார். 1914-இல், பட்டது போதாதென்றோ, நண்பரோடு சேர்ந்து ஆஸ் படக் கம்பெனியைத் தொடங்கினார். முதற்படத்தைப் பார்த்தோர் இது குழந்தைகட்குரியதென ஒதுக்கினர். படக் கொட்டகைக்காரர் அடுத்தவற்றை ஏற்கத் தயங்கினர். மறு ஆண்டே கம்பெனி ஓய்ந்தது.

இத்தனை முறை தோற்ற இவர், 1907-ஆம் வருடத்து நூலொன்றில், ஆஸ் அரசியின் அரண்மனைச் சுவரில் ஒரு மாயப்படத்தைத் தொங்கவிட்டிருக்கிறார். காண விரும்புவதை நினைத்தால், எத்துணைத் தொலைவிலிருப்பினும், அது அப்படத்தில் அசைந்து தோன்றும். வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ளது காணும் கருவி எவரும் கண்டிராத நாளில் எழுதியது இது.

உடல் நலிந்து படுக்கையிற் கிடந்தும் எழுதிக்கொண்டிருந்த பாம், 1919-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ஆஸ்காட்டில் உயிர்நீத்தார். ஆஸ் கதைகள் பதினான்கில் இறுதியானது அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1939-இல் ஜூடி கார்லண்ட் நடித்த திரைப்படம் வந்தபோது அவர்தம் துணைவியார் இருந்து கண்டார். அதிலும் மாறுதல் இல்லாமலில்லை: வெள்ளிக் காலணி செம்மணிக் காலணியாயிற்று, மெய்யான நாடு வெறுங் கனவாயிற்று. அப்படம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. 1959 முதல் ஆண்டுதோறும் காட்டப்பெற்று, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பழகிய விருந்தினராயிற்று. மாட் அம்மையார் அதனைக் கண்டிலர், 1953-இலேயே காலமாயினார்.

நூலில், மரகத நகரம் உண்மையில் முழுப் பச்சையன்று. நுழைவார் அனைவர்க்கும் காவலன் பச்சைக் கண்ணாடியை மாட்டிப் பூட்டிவிடுவதாலேயே அப்படித் தோன்றும். திரைப்படத்தார் இவ்வேடிக்கையை விட்டுவிட்டனர். ஆனால் அந்த நவம்பர் இரவில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. சாம்பல் நிறத்தில் மின்னிய நகரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சிறுவரெல்லாம் அதைப் பச்சையென்றே கண்டிருப்பர்.