வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (ஏறத்தாழ 1753 – சனவரி 20, 1823) ஆங்கிலேயப் படை அதிகாரியும் நிலவளவையாளரும் ஆவார். இந்தியப் பெரு முக்கோணவியல் அளவை எனப் பின்னர் பெயர்பெற்ற பணியைத் தொடங்கியவர் இவரே.

வாழ்க்கை

இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்த இவர், 1799 ஆம் ஆண்டு நான்காம் மைசூர்ப் போரில் பங்குகொண்டார். அதன் பின்னர் தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார்.

அளவைப் பணி

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். அவ்வாறு கிடைக்கும் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். எனவே தரையில் அளக்கும் முதற் கோட்டில் நேரும் பிழை எல்லா முக்கோணங்களிலும் தொடரும். இக்கோட்டை லாம்டன் 1802 ஏப்ரலில் அன்றைய செங்கல்பட்டுப் பகுதியில், பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி, 100 அடி உருக்குச் சங்கிலியால் அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ 7.5 மைல். வெயிலில் சங்கிலி நீள்வதால் நேரும் பிழையை வெப்பமானி கொண்டு திருத்தினார்.

கோணங்களை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட்டு பயன்பட்டது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

மறைவு

இவர் இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில், பணியில் இருந்தபோதே காலமானார். இவருக்குப் பின் சார்ச்சு எவரெசுட்டு பொறுப்பேற்றார். பரங்கிமலையில் லாம்டனின் மார்பளவுச் சிலை உள்ளது.