எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசிடர் Vs இன்றைய கார்: எது கெத்து?

தி.நகர் ஆற்காடு தெருவில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனால், டி.எம்.எக்ஸ். 4777 என்ற நம்பர் பிளேட்டோடு ஒரு அம்பாசிடர் நிற்கும். முதல்வராக இருந்தபோது அவர் பயன்படுத்திய கார். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் சாதாரண ஹேட்ச்பேக்கோடு இதை ஒப்பிட்டால் எது ஜெயிக்கும்?

அந்த சீட்டுக்கு வந்த பாதை

1917-ல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வீட்டில் வறுமை. படிப்பை விட்டுவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் ‘சதி லீலாவதி’யில் சின்ன வேடம். ‘ராஜகுமாரி’யில் ஹீரோ ஆக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலை தொகுதியில் ஜெயித்தார். 1972-ல் அ.தி.மு.க., 1977-ல் முதல்வர் நாற்காலி. பசி தெரிந்த அந்தப் பையன்தான் 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஏன் அம்பாசிடர்?

எளிமைக்காகவா? அது பாதி பதில்தான். லைசென்ஸ் கெடுபிடி இருந்த காலம் அது. இந்தியாவில் கார் என்றாலே பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், இல்லைன்னா சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. மாருதி 800 வந்ததே 1983 கடைசியில்தான். அதனால் முதல்வர் போவதும் அம்பாசிடர், சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்ஸியும் அம்பாசிடர்.

நேருக்கு நேர்

இன்ஜின்: பழைய அம்பாசிடரில் 1,489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். இன்றைய ஸ்விஃப்ட் போன்ற கார்களில் 1,200 சிசிக்குள்ளேயே சுமார் 80.

பிரேக்: அதில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இன்று முன்பக்கம் டிஸ்க், கூடவே ஏபிஎஸ் கட்டாயம்.

பாதுகாப்பு: அம்பாசிடர் இரும்புக் கோட்டை என்று தாத்தாக்கள் சொல்வார்கள். ஆனால் மோதும்போது கனமான பாடி நசுங்காவிட்டால், அந்த அடி உள்ளே இருப்பவருக்குத்தான் போகும். இன்றைய காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அம்பாசிடர் ஜெயிக்கும் இடம்: விசாலமான பின்சீட்டு. ரிப்பேரும் சுலபம், எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்பேனரோடு சரிசெய்துவிடுவார். இன்றைய காருக்கு முதலில் ஸ்கேனர் வேணும்.

அப்போ முடிவு?

ஓட்டுவதற்கு இன்றைய கார்தான், சந்தேகமே வேண்டாம். அம்பாசிடர் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது.

ஆனால் 1980-களில் ஒரு முதல்வரின் காருக்கும் தெருவில் போகும் டாக்ஸிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாடகை கொடுத்தால் யாரும் அதே சீட்டில் உட்காரலாம். இன்று தலைவர்களின் கார்களைப் பார்த்து யாரும் அப்படி நினைக்க முடியாது. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகும், தி.நகருக்கு வருகிறவர்கள் அந்த 4777 முன்னாடி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது இன்ஜினைப் பார்த்து இல்லை.